காலடியும் கணக்கும்

நம் பாடசாலையின் நேரசூசியில் நடனம் என்றொரு பாடம் இருந்ததில்லை. தரம் ஆறு தொடக்கம் அழகியற் பாடங்களுள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பது நாட்டின் நடைமுறை. சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்று பட்டியல் நீண்டிருந்தாலும் நாம் எல்லோரும் கேள்வியின்றிச் சித்திரக் கொப்பியையே வாங்கினோம். பெண்பிள்ளை ஆடலாமா என்று எவரும் விவாதித்ததில்லை. விவாதிக்க அங்கே எதுவும் இருக்கவுமில்லை.

அப்படியிருக்க, நூற்றாண்டு மலருக்கு ஆட்டத்தாலும் அசைவாலும் கணிதம் கற்பித்த வரலாற்றை எழுதப் புறப்பட்டது ஏன் என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். காரணம் எளியது. நேரசூசியில் இல்லாத அந்தப் பாடம் நம்மைச் சுற்றி எப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது. அதற்குப் பெயர் வைக்கத்தான் நமக்குத் தெரியவில்லை.

ஓதுபள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். பலகையில் குர்ஆனை வைத்து முன்னும் பின்னும் அசைந்து ஓதினோம். மத்து வரும் இடத்தில் இரண்டு அசைவா, நான்கா, ஆறா என்று விரலை மடக்கி நிமிர்த்தி நீட்டினோம். தொழுகைக்குப் பின் முப்பத்து மூன்று தஸ்பீஹை விரற்கணுக்களில் எண்ணினோம்: ஒரு கைக்குப் பதினைந்து கணு, பதினைந்தும் பதினைந்தும் மூன்றும் சேர்ந்தால் முப்பத்து மூன்று. அதை மூன்று மடங்காக்கி ஒன்றைக் கூட்டினால் நூறு. ஆறு வயதில் பதினைந்தின் மடங்கும் மீதியும் நம் கையில் இருந்தன. பாடசாலையில் அதே மடங்கைக் கரும்பலகையில் எழுதியபோது அது வேறொரு சாமான் என்று நினைத்து மிரண்டோம்.

வீட்டு முற்றத்தில் கொக்கான் வெட்டினோம். ஐந்து கல்லில் ஒன்றை மேலே எறிந்து, மற்ற நான்கையும் முதலில் ஒவ்வொன்றாக, பிறகு இரண்டிரண்டாக, அடுத்து மூன்றும் ஒன்றுமாக, கடைசியில் நான்கையும் ஒரேயடியாக அள்ளுவோம். நான்கு என்ற எண்ணைப் பிரிக்க மொத்தம் ஐந்து வழிகள் உண்டு. கொக்கானில் அவற்றுள் நான்கு வந்துவிடுகின்றன. இரண்டும் ஒன்றும் ஒன்றும் என்ற வழி மட்டும் இல்லை. அது ஏன் விடுபட்டது என்று அன்று கேட்டிருந்தால், எண்களைக் கூறுபோடும் கணிதத்தின் வாசலில் நின்றிருப்போம். எட்டுக்கோட்டில் கெந்தியதும் கிளித்தட்டில் கோட்டோடு கோடாக ஓடியதும் இதே கணக்கில் சேரும்.

உடம்பால் எண்ணுவது சிறுபிள்ளைத்தனம், தாளில் எண்ணுவதே படிப்பு என்ற எண்ணம் நமக்கு அண்மைக் காலத்தில் வந்தது. பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வாயாலும் விரலாலும் ஒருசேரப் படிக்கப்பட்டது. பிள்ளை சத்தமாகச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதியது; நாவும் காதும் விரலும் ஒரே நேரத்தில் வேலை செய்தன. 1790களில் மதராஸ் எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் விடுதிக்குப் பொறுப்பாக இருந்த அன்றூ பெல் என்ற பாதிரியார், ஊர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் இப்படி மணலில் எழுதுவதைக் கண்டார். அதைத் தன் விடுதியிலும் தொடங்கி, 1797இல் இங்கிலாந்து திரும்பியதும் நூலாக எழுதினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிப்பதும் மணற்பலகையும் சேர்ந்து 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. கடற்கரையிலும் வயற்கரையிலும் மணலுக்குக் குறைவில்லாத நமக்கு இந்தச் செய்தி ஒரு சின்னப் பெருமிதத்தைத் தருவதில் தவறில்லை.

இனி நம் பக்கத்துப் பொல்லடிக்கு வருவோம். களிகம்பு என்றும் இதற்குப் பெயர் உண்டு. கலியாண வீட்டிலும் சுன்னத்து வைபவத்திலும் ஊர்க் கொண்டாட்டத்திலும் ஆண்கள் கையில் பொல்லோடு வட்டமாக நின்று, அண்ணாவியார் பாட்டெடுக்க, சோடி சோடியாக அடித்து ஆடுவார்கள். வேலிக்குப் பின்னாலும் ஜன்னல் ஓரத்திலும் நின்று பெண்கள் பார்ப்பார்கள். குரவை மட்டும் பெண்களுக்குரியது. பொல்லடியில் ஒருவர் அடி பிசகினால் பக்கத்தவரின் விரல் பெயரும். அதனால் அங்கே எண்ணிக்கை ஒரு விளையாட்டல்ல, பாதுகாப்பு. எத்தனையாவது அடியில் உள்ளே திரும்புவது, எத்தனையாவது அடியில் வெளியே வருவது என்பதெல்லாம் எவர் கையிலும் தாளாக இல்லை. கால்களில் இருந்தது.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கவிகளையும் வழக்குகளையும் தேடித் தொகுத்தவர்களுள் நிந்தவூர் எஸ். முத்துமீரான் முதன்மையானவர். பாட்டின் சொற்கள் இத்தகையோரின் உழைப்பால் அச்சில் நிலைத்தன. அடியின் கணக்கோ அச்சேறுவது அரிது. சொல்லை எழுதிவைக்க நமக்குப் பழக்கம் உண்டு, காலை எழுதிவைக்கப் பழக்கமில்லை.

பொல்லடியில் என்ன கணிதம் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அதன் எலும்புக்கூட்டை மட்டும் காட்டுகிறோம். உண்மையான ஆட்டம் இதைவிடச் சிக்கலானது. வகுப்பறைக்கு இவ்வளவு போதும்.

ஆறு சோடியை எடுங்கள். ஆறு பேர் உள்வட்டம், ஆறு பேர் வெளிவட்டம். உள்வட்டம் நிற்க, வெளிவட்டம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓரிடம் வலப்பக்கம் நகர்ந்தால், ஆறு சுற்றில் ஒவ்வொருத்தியும் ஆறு பேரையும் சந்தித்துத் தன் முதற்சோடியிடம் திரும்புவாள். சரி. இப்போது இரு வட்டமும் எதிரெதிர்த் திசையில் ஓரிடம் நகரட்டும். பார்க்க இன்னும் அழகாக இருக்கும். ஆனால் மூன்றாம் சுற்று முடிந்ததுமே பழைய சோடி எதிரே வந்து நிற்பாள். மற்ற மூன்று பேரை எத்தனை சுற்று ஆடினாலும் சந்திக்க முடியாது. ஒருவருக்கு எதிரே மற்றவர் நகரும்போது இடைவெளி இரண்டிரண்டாகத் தாண்டுகிறது. ஆறுக்கும் இரண்டுக்கும் பொதுக் காரணி இரண்டு. ஆகவே வட்டம் இரு பாதியாக உடைந்துவிடுகிறது. இன்னொரு சோடியைச் சேர்த்து ஏழாக்கினால்? அதே ஆட்டத்தில் ஏழு சுற்றில் ஏழு பேரையும் சந்திக்கலாம். ஏழு முதன்மை எண். எட்டுச் சோடி மும்மூன்றாகத் தாண்டினால் எல்லோரும் சந்திப்பர். ஒன்பது சோடி மும்மூன்றாகத் தாண்டினால் மூன்று பேரோடு முடிந்துவிடும்.

பொதுக் காரணிகளுட் பெரியது என்ற பாடத்தை நாம் கொப்பியில் இரண்டு கட்டம் போட்டுப் படித்தோம். எதற்கு என்று கேட்கவில்லை. பரீட்சைக்கு என்று நமக்குத் தெரியும். தன் தோழி எதிர்வட்டத்தில் நின்றும் எத்தனை சுற்றிலும் தன் முன்னால் வரவே மாட்டாள் என்று கண்ட பிள்ளைக்கு அந்த எதற்கு தானாகவே பிறக்கும். அதுபோலவே ஒரு பக்கத்தார் மூன்றாம் தட்டுக்கும் மறுபக்கத்தார் நான்காம் தட்டுக்கும் கைதட்டினால் பன்னிரண்டாம் தட்டில் இரண்டும் ஒன்றாக விழும். பொது மடங்குகளுட் சிறியதை அங்கே காதால் கேட்கலாம்.

வட்டத்தில் நின்று கணக்கைக் காணும் இந்த வழிக்கு நம் மார்க்க அறிவுலகில் மிகப் பழைய முன்னோர் ஒருவர் உண்டு. எட்டாம் நூற்றாண்டில் பஸ்றாவில் வாழ்ந்த அல்-கலீல் இப்னு அஹ்மத் அல்-பராஹீதி அறபு யாப்பிலக்கணத்தை வகுத்தவர். கன்னார் தெருவில் சம்மட்டி விழும் ஓசையைக் கேட்டபோது அவருக்கு அந்த எண்ணம் உதித்தது என்று வழிவழியாகச் சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும் அவர் செய்த வேலை வியப்பானது. அசைகளின் வரிசையை நேர்கோட்டில் எழுதாமல் வட்டத்தில் வைத்தார். ஒரே வட்டத்தில் ஓரிடத்திலிருந்து தொடங்கினால் ஒரு சந்தம். வேறிடத்திலிருந்து தொடங்கினால் மற்றொரு சந்தம். தவீல், மதீத், பஸீத் மூன்றும் இப்படி ஒரே வட்டத்தில் பிறந்தவை. ஐந்து வட்டங்களில் பதினைந்து சந்தங்களை அடக்கினார்; பதினாறாவதை அவருக்குப் பின் வந்த அல்-அக்பஷ் சேர்த்தார். பொல்லடி வட்டத்தில் நிற்பவர் ஒவ்வொருவருக்கும் பாட்டு வேறு இடத்தில் தொடங்குவதுபோல் தோன்றும் அல்லவா? அதே விடயம்தான். இன்றைய கணிதத்தில் இதைச் சுழற்சி வரிசைமாற்றம் என்பார்கள்.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பது நாம் தரம் ஆறில் படித்தது. மாத்திரையின் அளவைத் தொல்காப்பியம் கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும் கொண்டு சொல்கிறது. கடிகாரமோ அளவுகோலோ அல்ல, உடம்பின் இரு அசைவுகள்! குறிலும் நெடிலும் கொண்டு நான்கு மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? கைதட்டிப் பாருங்கள்: ஐந்து. ஐந்து மாத்திரைக்கு எட்டு, ஆறுக்குப் பதின்மூன்று, ஏழுக்கு இருபத்தொன்று. முந்திய இரண்டைக் கூட்டினால் அடுத்தது. யாப்பு நூல் எழுதிய விரஹாங்கரும் 1150ஐ ஒட்டி வாழ்ந்த ஹேமசந்திரரும் இந்த வரிசையைச் சொல்லியிருக்கிறார்கள். இத்தாலியரான பிபொனாச்சி தன் நூலில் முயற்கணக்காக இதை எழுதியது 1202இல். உலகம் அவர் பெயரால் அழைக்கும் எண்கள் நம் பக்கத்தில் தாளம் போடுகிறவர்கள் முன்பே எண்ணியவை.

நம் கரைக்கு இன்னும் அண்மையில் ஒருவர் இருக்கிறார். கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருதைத் தாண்டியதும் வரும் காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி; யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர்; 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர். இந்த இரண்டு வாழ்க்கையும் சந்தித்த இடமே 'யாழ் நூல்'. மாதவியின் ஆடல் அரங்கேறியதைச் சொல்லும் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் சில அடிகளை விளங்கப் புகுந்தவர், நரம்பின் நீளங்களையும் சுருதி விகிதங்களையும் கணக்கிட்டு ஒரு பெருநூலையே எழுதினார். நரம்பைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில். மூன்றில் இரண்டாக்கினால் பஞ்சமம். அங்கிருந்து பின்னத்தின் மேல் பின்னமாக அவர் கணக்கு வளர்கிறது. 1947 யூனில் நூல் அரங்கேறியது; அடுத்த மாதம் அவர் மறைந்தார்.

அதே காதையில் ஆடலரங்கின் அளவும் இருக்கிறது. இருபத்துநான்கு விரல் கொண்டது ஒரு கோல். அரங்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். தரம் ஐந்துப் பிள்ளைகள் தங்கள் பெருவிரலால் ஒரு கோல் அளந்து, முற்றத்தில் அந்த அரங்கைக் கீறினால் என்ன ஆகும்? ஒவ்வொருத்தியின் அரங்கும் வேறு வேறு அளவில் வரும். நியம அலகு எதற்கு என்ற பாடத்தை அதன்பின் ஆசிரியை நீட்டி முழக்க வேண்டியதில்லை.

மட்டக்களப்புக் கூத்தும் நமக்கு அந்நியமில்லை. வட்டக்களரியில் ஆடப்படும் வடமோடியில் 'எட்டுப் போடுதல்', 'நாலடி' என்று ஆட்டத்துக்கே எண்ணால் பெயர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் அதைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார், பேராசிரியர் சி. மௌனகுரு தொடர்ந்தார். பரதம் படித்த தமிழ்ச் சகோதரிகளுக்கு அடவின் மூன்று காலங்கள் தெரியும்: அதே நேரத்துக்குள் ஒன்று, இரண்டு, நான்கு. அரையும் காலும் அவர்களுக்குக் குதிக்காலில் இருந்தன. மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்ற ஐந்து சாதிகளையும் அவர்கள் தட்டிக்காட்டுவார்கள். அந்தப் பிள்ளைகள் எல்லோரும் கணிதத்தில் கெட்டிக்காரிகளா? இல்லை. காலில் இருப்பதைக் கொப்பிக்குக் கொண்டுவர ஒரு பாலம் வேண்டும். அதைக் கட்டுவது ஆசிரியையின் வேலை. ஆட்டம் தானாகக் கணிதமாகாது.

இந்தப் பாலத்தைக் கட்டிய முயற்சிகள் வெளியுலகில் நூறாண்டுக்கு மேலாக நடக்கின்றன. ஜெனீவா இசைக்கல்லூரியில் கற்பித்த எமில் ஜாக் டால்குறோஸ், தன் மாணவர்கள் தாளக்கணக்கைத் தாளில் சரியாக எழுதினாலும் உடம்பால் உணரவில்லை என்று கண்டு, அவர்களை நடக்கவைத்தும் அடியெடுத்துவைக்கச் செய்தும் கற்பித்தார். 1911இல் ஜேர்மனியின் ஹெலராவில் அதற்கென்றே ஒரு நிறுவனம் எழுந்தது. மரியா மொண்டிசூரி 1939இல் மதராஸ் அடையாறுக்கு வந்தார். ருக்மிணி தேவி அருண்டேல் கலாஷேத்திராவைத் தொடங்கி அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. 1944இல் நம் நாட்டிலும் ஆசிரியர்களுக்கு விரிவுரைகள் நிகழ்த்தினார். தரையில் கீறிய கோட்டில் நடப்பதும் மணிச்சரத்தைக் கையால் தொட்டு எண்ணுவதும் அவருடைய முறையில் கணிதத்துக்கு முன்படிகள். அதற்குப் பத்தாண்டு முன்பே, 1934இல், தாகூர் ஹொரணைக்கு வந்து ஸ்ரீபாளி கல்லூரிக்கு அடிக்கல் நாட்டியிருந்தார். ஆடலும் பாடலும் படிப்பின் நடுவில் இருக்கலாம் என்பதை இலங்கை அப்போதே கண்டது. கிழக்குக் கரைக்கு அது வந்துசேரவில்லை.

வந்துசேர்ந்தது 1997ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தோடுதான். 1999இல் நாடெங்கும் தரம் ஒன்றில் புதிய ஆரம்பக் கல்வி தொடங்கியது. விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று பாடம் மூன்று கூறானது. சிறிய வகுப்புகளில் மேசை வேலை குறைவு. நம் தலைமுறைக்கு அது பிந்திவிட்டது. நாம் படித்த காலத்தில் வாய்ப்பாடு என்றால் பிரம்பின் தாளத்துக்குப் பாடுவது. தம்பி தங்கையரின் பிள்ளைகள் எண்கோட்டில் குதித்துக் கூட்டல் படித்ததைப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் 2007இல் மாநிலமெங்கும் பரவியது. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புகளில் ஆடல், பாடல், கதை, பொம்மலாட்டம் என்று அதையே வேறு விதத்தில் கொண்டுபோகிறது.

நமக்கு மிகவும் பிடித்த உதாரணம் ருமேனியாவிலிருந்து வருகிறது. அங்குள்ள சபியென்சியா பல்கலைக்கழகத்தார் 2011இல், எண்களை வரிசைப்படுத்தும் கணினி வழிமுறைகளைத் தங்கள் ஊரின் நாட்டார் நடனங்களால் ஆடிக்காட்டினார்கள். ஆடுவோர் உடலில் எண் இருக்கும். பக்கத்தவரோடு ஆடி ஒப்பிட்டு, பெரிய எண் வலப்பக்கம் மாறிக்கொள்ளும். ஆறு பேர் இப்படி வரிசைக்கு வர ஆகக்கூடியது ஐந்தும் நான்கும் மூன்றும் இரண்டும் ஒன்றுமாகப் பதினைந்து ஒப்பீடுகள். அவர்கள் எங்கிருந்தோ ஓர் ஆட்டத்தை இறக்குமதி செய்யவில்லை. தங்கள் மூத்தோர் ஆடியதையே எடுத்தார்கள்.

இவற்றால் பிள்ளைகளுக்குக் கணிதம் உண்மையில் வருகிறதா? வைத்தியத் தொழிலில் உள்ள நாம் இந்தக் கேள்வியை விட்டுக்கொடுக்க முடியாது. ஒரு மருந்தைப் பற்றிக் கேட்பதையே இதைப் பற்றியும் கேட்க வேண்டும். நெதர்லாந்தில் 12 ஆரம்பப் பாடசாலைகளில் 499 பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று 2016இல் வெளியானது. குதித்தும் நடந்தும் கணிதமும் மொழியும் படித்த பிள்ளைகள், மற்றவர்களை விடக் கணிதத்திலும் எழுத்துக்கூட்டலிலும் ஏறத்தாழ நான்கு மாதப் படிப்பு அளவுக்கு முன்னே போயிருந்தார்கள். வாசிப்பில் வித்தியாசம் இல்லை. அதே ஆண்டில் டென்மார்க்கில் 165 பிள்ளைகளிடம் ஆறு வாரம் செய்த ஆய்வு, கை விரலால் மட்டும் அசைந்தவர்களை விட முழு உடம்பால் அசைந்தவர்களே கணிதத்தில் கூடுதலாக முன்னேறினார்கள் என்று கண்டது. ஆனால் கணிதத்தில் மிகவும் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. இந்தக் கடைசி வசனத்தை ஆடல்வழிக் கல்வியின் ஆர்வலர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிறார்கள். பின்தங்கிய பிள்ளைக்கு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் ஒருவர் வேண்டும். ஆட்டம் அவருக்குப் பதிலாகாது.

உடம்புக்கும் எண்ணுக்கும் உறவு உண்டு என்பதற்கு வேறொரு பக்கத்திலிருந்தும் சாட்சி உண்டு. 1924இல் வியன்னாவில் ஜோசெப் கெர்ஸ்ட்மன் என்ற நரம்பியல் மருத்துவர், எந்த விரல் எது என்று சொல்ல முடியாத ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். பின்னர் அவர் பெயராலேயே அழைக்கப்பட்ட அந்த நோய்க்குறியில் நான்கு குறைகள் ஒன்றாக வரும்: விரலை அடையாளம் காண முடியாமை, இடம் வலம் தடுமாறுதல், எழுத முடியாமை, கணக்குச் செய்ய முடியாமை. மூளையின் இடப்பக்கத்தில் காதுக்கு மேலே சற்றுப் பின்னாக உள்ள சிறு பகுதி பழுதானால் இவை நேரும். விரலும் திசையும் எண்ணும் மூளையில் அயல்வீட்டார். வாதம் வந்த மூத்தவர்களிடம் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும்போது, அவர்களுடைய விரல்கள் போர்வைக்குள் மெல்ல அசைவதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம்.

பெண்பிள்ளைகள் விடயத்தில் கவலை இன்னும் கூடுதல். 11 முதல் 17 வயதினரைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தார் திரட்டிய 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, உலகில் பெண்பிள்ளைகளில் நூற்றுக்கு 85 பேர் நாளொன்றுக்குத் தேவையான அறுபது நிமிட உடலசைவைப் பெறவில்லை. ஆண்பிள்ளைகளில் 78 பேர். இது உலகக் கணக்கு. நம் பக்கத்தை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். பெரியபிள்ளையான மறுநாளோடு கொக்கானும் கிளித்தட்டும் எட்டுக்கோடும் நிற்கும். தம்பி வயல் வரப்பில் ஓடிக்கொண்டிருக்க, அக்கா வகுப்பில் ஆறு பாடவேளையும் அசையாமல் இருந்துவிட்டு வீட்டிலும் இருப்பாள். கணிதம் கடினமாகத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே வயதில்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சாதிக்க வரவில்லை. அந்த வயதில் பாடவேளைக்குள் பத்து நிமிடம் எழுந்து நடப்பது எந்தப் பிள்ளைக்கும் கேடு செய்யாது என்பதை மட்டும் பொறுப்போடு சொல்கிறோம்.

சொல்லில்தான் சிக்கல். நடனம் என்றால் கதவு சாத்தப்படும். இசையும் ஆட்டமும் பற்றி நம் உலமாக்களிடையே கருத்துகள் பல. அவற்றைத் தீர்த்துவைக்க இந்தக் கட்டுரை இடமல்ல. மதிலுக்குள், ஆசிரியையின் முன்னால், பெண்பிள்ளைகள் வட்டமாக நின்று கைதட்டி அடி மாற்றி எண்ணுவதற்கு மேடையோ அலங்காரமோ பாட்டோ தேவையில்லை. கணிதச் செயற்பாடு என்று பாடக்குறிப்பில் எழுதினால் அது பொய்யுமல்ல. வட்டத்தையும் பொல்லையும் கைதட்டலையும் நம் மூத்தோரே விட்டுச்சென்றிருக்கிறார்கள். பொல்லடி ஆண்களின் ஆட்டமாயிற்றே என்று கேட்கலாம். அதன் கணக்குக்கு ஆண் பெண் கிடையாது.

ஆனால் அந்தக் கணக்கு கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறது. கலியாண வீட்டுக்கு ஒலிபெருக்கி வந்தது. பந்தலும் பொல்லும் போயின. இறக்காமத்துப் பக்கத்திலும் வரிப்பத்தான்சேனையிலும் கரையோர ஊர்களிலும் அடி தெரிந்த அண்ணாவிமார் ஒவ்வொருவராக மௌத்தாகிவருகிறார்கள். குரவையின் கணக்குத் தெரிந்த மூத்தம்மாமாரும் அப்படியே.

ஆகவே தோஹாவிலும் இலண்டனிலும் கொழும்பிலும் மெல்பேணிலும் இருந்து இந்த மலரைப் புரட்டும் சகோதரிகளிடம் ஒன்று கேட்கிறோம். அடுத்த விடுமுறைக்கு ஊர் வரும்போது, குடும்பத்தில் பொல்லடி தெரிந்த அப்பாவோ பெரியவாப்பாவோ இருந்தால் அவர்களை இருத்தி, கைத்தொலைபேசியில் பாட்டை மட்டும் பதியாதீர்கள். கமெராவைக் காலுக்கு நேரே பிடியுங்கள். எத்தனை சோடி, எந்தப் பக்கம் முதலடி, எத்தனையாம் அடியில் திருப்பம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சு மறந்த மூத்தவர்களும் பொல்லைக் கையில் கொடுத்தால் அடியை எடுப்பார்கள், முயன்று பாருங்கள். அந்தக் குறிப்புகள் சங்கத்துக்கு வந்து சேர்ந்தால், தரம் ஏழின் காரணிப் பாடத்துக்கு ஆசிரியைகள் அவற்றைப் பயன்படுத்த ஒரு சிறு கைந்நூலாகத் தொகுக்கலாம். பொல்லுக்குப் பதில் இரண்டு அடிமட்டம் போதும். சத்தம் அதிகம் என்றால் உருட்டிய கடதாசியும் உதவும்.